மணல் முடிந்த இடத்தில் நிறுத்தாத சைக்கிள்

நான்கு மணி நேரத்தில் முடியும் என்று போட்ட சுற்று பதினொன்றரை மணி நேரம் ஆனது. கடைசி 15 கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தது. போனது ஒரு டயர், ஒரு ட்யூப், பின்பக்க பிரேக் பேட், ஒரு செயின். இரண்டு வாரம் கழித்துப் பின்சக்கரத்து ஃப்ரீஹப்பும் (மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் நடுப்பாகம்) அந்தக் கணக்கில் சேர்ந்தது. கூட யாரும் இல்லை. ஒரு கட்டத்தில் கோபம்கூட வற்றிப்போய், அடுத்த வளைவு வரை நடந்தால் போதும் என்று மட்டும்தான் இருந்தது. கடலோர ஊரிலிருந்து கிளம்பி மணலில் ஓட்டி, பக்கத்து மலை ஏறி இறங்கி வீடு திரும்பும் சுற்று வரைபடத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும். அதைப் போட நினைக்கிறவர்களுக்குத்தான் இது. அன்றைக்குக் கெட்டதெல்லாம் மலையில் கெட்டது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் விதை விழுந்தது மணலில்.

முதலில் கணக்கு. மொத்தம் 46 கிலோமீட்டர்: மணல் 8, ஏற்றம் 11, மலைமுகடு 9, இறக்கம் 6, தார்ச்சாலை 12. மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வகுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடியும். இந்த வகுத்தலே தப்பு. மலைப் பாதையில் தூரத்தைவிட ஏறும் உயரம்தான் நேரத்தைத் தின்னும். சமதளத்துக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம், அதன்மேல் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 12 நிமிடம் கூட்டுங்கள். மொத்த ஏற்றம் 950 மீட்டர் என்பதால் 230 நிமிடத்தோடு 114 சேர்ந்து ஐந்தே முக்கால் மணி நேரம் வருகிறது. நிற்க, தண்ணீர் குடிக்க, வழி பார்க்க, காற்றடிக்க என்று அதில் நான்கில் ஒரு பங்கு சேர்த்தால் ஏழு மணி நேரத்தைத் தாண்டும். எதுவுமே கெடாத நாளுக்கான கணக்கு இது. நான்கு மணி நேரத்துக்கான தண்ணீரோடு ஏழு மணி நேரப் பாதையில் இறங்கியது முதல் பிழை.

சராசரி சரிவை நம்பியது இன்னொன்று. 11 கிலோமீட்டரில் 700 மீட்டர் என்றால் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல், சமாளிக்கலாம் என்று தோன்றும். உண்மையில் முதல் 4 கிலோமீட்டர் ஏறுகிற மாதிரியே தெரியாது, கடைசி 3 கிலோமீட்டர் சுவர். பாதையைக் கிலோமீட்டர் கிலோமீட்டராக வெட்டி, சமவுயரக் கோடுகளை எண்ணிப் பார்த்தால் இது வீட்டிலேயே தெரிந்துவிடும். செயலி காட்டும் மொத்த ஏற்றத்தையும் கடலோரத்தில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பல செயலிகளின் உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக எடுத்தது. பாறை விளிம்பை ஒட்டிப் பாதை போனால் ஒரு கட்டத்தில் கடல்மட்டம், அடுத்ததில் பாறையுச்சி என்று தாவித் தாவி, இல்லாத ஏற்றத்தையெல்லாம் கூட்டிக் காட்டும். நிறையப் பேர் போன தடங்களை ஒளியூட்டிக் காட்டும் வரைபடங்களில் வேறொரு பொறி இருக்கிறது: கோடு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அவர்கள் எந்தத் திசையில் போனார்கள் என்று அது சொல்லாது. எல்லோரும் இறங்கும் பாதையில் நீங்கள் ஏறப் போனால் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டியதுதான். திறந்த தெருவரைபடத்தில் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்) மலைச் சைக்கிள் கடினத்துக்கென்றே 0 முதல் 6 வரை ஓர் அளவுகோல் உண்டு. பாதையைத் தொட்டுப் பார்த்தால், யாராவது பதிந்திருந்தால், அந்த எண் வரும். 2-க்கு மேல் இருந்தால் தனியாக முதல்முறை போகிற இடம் அல்ல.

இப்போது மணல். போன ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதே கரையில் அலை நன்றாக உள்வாங்கி, ஈர மணல் தார் போலக் கெட்டியாகக் கிடந்தது. அந்த நினைப்பில் இந்த ஞாயிறும் ஏழு மணிக்கே போய் நின்றால் கடல் ஏறி நிற்கிறது. நாளுக்கு இருமுறை கடல் ஏறி வற்றும் கரைகளில் அந்த ஏற்றவற்றம், அதாவது ஓதம், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் 350 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடைவெளி ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆக, போன வாரம் வற்றியிருந்த நேரத்தில் இந்த வாரம் ஏற்றம் இருக்கும். வார விடுமுறையில் மட்டும் ஓட்டுகிறவர்கள் இந்தப் பொறியில்தான் விழுவார்கள், ஏனென்றால் நம் நினைவு வாரக் கணக்கில் ஓடுகிறது. ஓத அட்டவணையை அந்தந்த நாளுக்குப் பாருங்கள். வற்றத்துக்கு ஒன்றரை மணி முன்பிருந்து ஒன்றரை மணி பின்பு வரை நல்ல நேரம். வற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் தண்ணீர் மொத்த உயரத்தில் பாதியை ஏறும். 'இன்னும் அரை மணி இருக்கிறதே' என்று பாறை முனையைச் சுற்றப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது அந்த இரண்டு மணி நேரத்தில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் கூடுதலாக உள்வாங்கும், கூடுதலாக ஏறவும் செய்யும்.

கெட்டி மணல் தண்ணீருக்கடியில் போய்விட்டதால் மேலே உதிரி மணலில்தான் ஓட்ட முடிந்தது. டயரின் காற்றை 14 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்தத்தின் அலகு) இறக்கினேன். அது சரியான முடிவுதான். 70 கிலோ எடையுள்ளவர் இரண்டேகால் அங்குல அகல டியூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயரில் மணலுக்கு 12 முதல் 15 வரை இறக்கலாம். டயர் தட்டையாகி மணலின் மேல் மிதக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், உடலைப் பின்னுக்கு வைத்து, ஒரே சீராக மிதிக்க வேண்டும். நிறுத்தினால் மறுபடி கிளப்புவது கடினம். இதெல்லாம் தெரிந்திருந்தும் பாதித் தூரம் தள்ளல்தான். 8 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். கொண்டுவந்த மூன்று லிட்டரில் ஒரு லிட்டர் அங்கேயே காலி. இடையில் இரண்டு முறை அலை வந்து செயினையும் ரோட்டரையும் (பிரேக் பேட் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடு) நனைத்துவிட்டுப் போனது, குளிர்ச்சியாக இருந்தது என்று சிரித்தது இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. மணல்மேட்டில் படர்ந்திருக்கும் கொடிகளின் மேல் மட்டும் ஏற்றாதீர்கள். மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். இதற்கிடையே 200 மீட்டர் தள்ளி, கடலை ஒட்டியே ஒரு தார்ச்சாலை போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணல் ஆசையில் அதை எடுக்கவில்லை.

மணல் முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு மரநிழல். நேரம் போய்விட்டது என்ற பதற்றத்தில் நிற்காமல் ஏறிவிட்டேன். நின்றிருக்க வேண்டிய பதினைந்து நிமிடம் அதுதான். மணலும் பாறையும் சைக்கிளிடம் நேர் எதிரான விஷயங்களைக் கேட்கின்றன. மணலுக்குக் குறைந்த காற்று, பாறைக்குக் கூடுதல் காற்று. மணலுக்கு உலர்ந்த செயின், ஈரமான மலைக்கு எண்ணெய் பிடித்த செயின். மணலில் பிரேக் பிடிக்கவே வேண்டாம், மலையில் பிரேக்தான் உயிர். எனவே மணலை விட்டு வெளியே வரும் சைக்கிள் மலைக்குத் தயாரான சைக்கிள் அல்ல, அதை அங்கே நிறுத்தி மாற்ற வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் காற்று: அதே 70 கிலோ எடைக்கு முன்டயர் 21 முதல் 23, பின்டயர் 24 முதல் 26 பிஎஸ்ஐ. சிறிய கைப்பம்பில் ஒரு டயருக்கு எண்பது, நூறு அடி ஆகும், கை வலிக்கும், பரவாயில்லை. விரலால் அமுக்கிப் பார்த்து ஊகிக்க வேண்டாம். 14-க்கும் 24-க்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும், 18-க்கும் 24-க்கும் தெரியாது. சிறிய அழுத்தமானி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து செயின்: பழைய பல்துலக்கியால் மணலைத் தட்டி, அரை லிட்டர் நல்ல தண்ணீரைச் செயின் மேலும் பின்பல்சக்கரங்கள் மேலும் மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி, துணியால் துடைத்து, உருளைக்கு ஒரு சொட்டு வீதம் எண்ணெய். வெளிப்பக்கத்தில் வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தூசி அங்கேதான் ஒட்டும். கிளம்பும்போது செயினுக்கு மெழுகு வகை எண்ணெய்தான் நல்லது, மணல் ஒட்டாது. ஆனால் கடல் தண்ணீர் பட்டால் அது நிற்காது. அதனால் ஈர வகை எண்ணெயைச் சின்னக் குப்பியில் தனியாகக் கொண்டுபோக வேண்டும். மூன்றாவது பிரேக்: சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் காதை வையுங்கள். 'சர்சர்' என்று அரைக்கிற சத்தம் வந்தால் பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவில் மணல் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி, அந்த இடுக்கில் தண்ணீர் விட்டு அலச வேண்டும். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரை அமுக்கிவிடாதீர்கள். பேடைத் தள்ளும் பிஸ்டன்கள் நெருங்கிவிடும், ரோட்டர் திரும்ப உள்ளே போகாது. மடித்த அட்டை ஒன்றை நடுவில் செருகிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் இல்லை. முன்பல்சக்கரத்தில் 32 பல், பின்னால் 51 பல் என்று ஏற்றத்துக்கு இலகுவான கியர் இருந்தும் கடைசி 3 கிலோமீட்டரில் சரளையில் பின்சக்கரம் வழுக்கியது. அப்படிப்பட்ட இடத்தில் எழுந்து மிதித்தால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து இன்னும் வழுக்கும். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்த வேண்டும். மேலே போனால் குளிரும் என்பதும் பாதிதான் உண்மை. 1,000 மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால் 700 மீட்டருக்கு நான்கரை டிகிரிதான் குறையும், பத்து மணி வெயில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் முனகிக்கொண்டே வந்தது. எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை, பாட்டை மாற்றுவதுபோல் கியரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

முகட்டில் வேறொரு கதை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மூட்டமாகிவிடும். கீழே பார்த்தால் ஊர் வெயிலில் பளபளக்கிறது. மேலே மழையே பெய்யாமல் வேர்களும் பாறைகளும் சொதசொதவென்று நனைந்திருக்கின்றன. ஈரமான வேரைக் குறுக்காக, நேர்கோணத்தில் கடக்க வேண்டும். வேரின் மேல் இருக்கும்போது பிரேக்கையும் ஹேண்டிலையும் தொடாதீர்கள். இந்த 9 கிலோமீட்டர் ஒன்றேமுக்கால் மணி நேரம்.

இறக்கம் 6 கிலோமீட்டரில் 650 மீட்டர். பத்து சதவீதத்துக்கு மேல். இங்கேதான் மணல் வேலையைக் காட்டியது. ஈரமும் மணலும் சேர்ந்து பின்பக்கப் பேடை உப்புத்தாள்போல் தேய்த்திருந்தது. பாதி இறங்குவதற்குள் உலோகம் உலோகத்தில் உரசும் கிறீச் சத்தம். பிசின் வகைப் பேட் மெத்தென்று பிடிக்கும், சத்தம் குறைவு, ஆனால் ஈர மணலில் சீக்கிரம் கரையும். உலோக வகை நீடித்து உழைக்கும், பதிலுக்குச் சத்தம் போடும், சூட்டை பிரேக் எண்ணெய்க்குக் கடத்தும். கடலோரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு என் வாக்கு உலோகத்துக்கே. ஆனால் மாற்றுவதற்கு முன் ரோட்டரைப் பாருங்கள். பிசின் பேடுக்கு மட்டும் என்று பொறித்திருந்தால் உலோகத்தைப் போடக்கூடாது. உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் அந்தப் பேடோடு மலைக்குப் போகாதீர்கள். ஒரு ஜோடி உதிரிப் பேட் பாக்கெட்டில் இருப்பதே தெரியாத அளவுதான் இருக்கும். இறங்கும்போது பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வராமல், அழுத்தமாகச் சில நொடி பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். விடுகிற நேரத்தில்தான் ரோட்டர் ஆறும். கருகல் வாடை வந்தாலோ லீவர் கைப்பிடிவரை வந்தாலோ நின்றுவிட வேண்டும். சூடான ரோட்டரில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும், தானாக ஆறட்டும்.

பின்பிரேக் போனதும் எல்லா வேலையும் முன்பிரேக்குக்கு வந்தது, கையும் நடுங்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு கூர்ப்பாறை. 14 பிஎஸ்ஐயில் இருந்த பின்டயர் ரிம்மோடு நசுங்கி, பக்கச் சுவரில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெட்டு. சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றி வைக்கும் திரவம்) வெள்ளையாகப் பீச்சும் என்று பார்த்தால் ஒரு சொட்டும் வரவில்லை. எப்போதோ உள்ளே காய்ந்து தோலாகியிருந்தது. இரண்டு முதல் ஆறு மாதம்தான் அதன் ஆயுள், வெப்பமான ஊரில் அதைவிடக் குறைவு. 29 அங்குலச் சக்கரத்துக்கு 80 முதல் 120 மில்லிலிட்டர் வரை தேவை. சக்கரத்தைக் காதருகே குலுக்கினால் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் இல்லை என்றே பொருள். சீலன்ட் இருந்திருந்தாலும் இந்த வெட்டை அடைத்திருக்காது என்பதும் உண்மைதான். ஓட்டையில் திணிக்கும் செருகு நாடாக்கள், டயர் தரையைத் தொடும் மிதிதளத்தில் விழும் சிறிய ஓட்டைக்கு நல்லவை, பக்கச் சுவரில் நிற்காது. அதற்கு உள்ளிருந்து ஒட்டு வைக்க வேண்டும். பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டோ, காலியான பற்பசைக் குழாயைப் பிரித்த தகடோ, உள்ளங்கையில் பாதி அளவு இருந்தால் போதும்.

ஒட்டு இருந்தது, ட்யூபும் இருந்தது. போட்டு, காற்றடித்து, அரைக் கிலோமீட்டர் போவதற்குள் புஸ். டியூப்லெஸ் டயர் மாதக்கணக்கில் முள்ளை வாங்கிக்கொண்டே ஓடும், சீலன்ட் அடைத்துவிடுவதால் நமக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பழைய முட்களின் நுனி உள்பக்கம் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும், ட்யூபைப் போட்டதும் அது குத்தும். ட்யூப் போடுமுன் டயரின் உள்பக்கம் முழுவதையும் துணியால் துடையுங்கள், விரலால் அல்ல. துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கிறது. எல்லா முள்ளையும் பிடுங்க இருபது நிமிடம் ஆகலாம். பங்சர் ஒட்டும் பெட்டியைத் திறந்தால் பசைக் குழாய் காற்று போன பலூன்போல் கிடந்தது. ஒருமுறை திறந்த பசை நாளடைவில் காய்ந்துவிடும். அங்கே உட்கார்ந்துதான் முதல்முறையாக அழுகை வந்தது.

டயருக்குள் புல்லைத் திணித்து ஓட்டலாம் என்று சொல்வார்கள். செய்து பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் கூடத் தாங்கவில்லை, புல் ஒரு பக்கமாகத் திரண்டு சக்கரம் நொண்டியது. அப்புறம் நடைதான். பள்ளத்தாக்கில் போனுக்கு சிக்னல் இல்லை. மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன், எந்த வழி என்று சொல்லவில்லை. தேட வேண்டுமென்றால் எங்கே தேடுவார்கள்? பாதையின் கோப்பு, மலையில் ஏறும் இடம், இறங்கும் இடம், எத்தனை மணிக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்ற நான்கையும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு விசிலும் வேண்டும்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவதுதான் மலைகளில் உதவிக்கான அடையாளம்.

தார்ச்சாலைக்கு வந்தபோது கடற்காற்று முகத்தில் அறைந்தது. முற்பகலில் எழும்பும் அந்தக் காற்று பிற்பகலில்தான் உச்சம். மலையிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு அது எப்போதும் எதிர்க்காற்று. நல்ல சைக்கிளில் போனாலும் அந்த 12 கிலோமீட்டருக்குச் சாதாரண நேரத்தைவிடக் கூடுதலாக வையுங்கள். காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றும் மலைக்குப் போகிறவர்களுக்கு எதிர்தான், ஆனால் மெல்லியது, குளிர்ச்சியானது. ஆகவே விடியும் முன் தார்ச்சாலையிலேயே மலையடிவாரம் போய், எட்டு மணிக்குள் ஏற்றத்தின் பெரும்பகுதியை முடித்து, மதியத்துக்குமுன் ஊர் திரும்புவதுதான் சரியான வரிசை. மணல் வேண்டுமா, பிற்பகலில் வற்றம் வரும் நாளாகப் பார்த்து அதைக் கடைசியில் வையுங்கள். மணலுக்குப் பிறகு வீடு மட்டும்தான் இருக்க வேண்டும், மலை இருக்கக்கூடாது.

வீடு வந்தபோது இருட்டு. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கிப்போனேன். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் உப்பு பட்ட இரும்பு தானாகக் காயாது. காலையில் செயின் செங்கல் நிறம். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே ஒரு வாளி நல்ல தண்ணீரும் பஞ்சும் எடுங்கள். வேகமாகப் பீச்சும் குழாய் வேண்டாம், பேரிங்குகளுக்குள் உப்பை நாமே தள்ளுவதாகிவிடும். சீட் தண்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக்கி உள்ளே தேங்கியதை வடியவிட வேண்டும். சக்கரக் கம்பிகளின் முனையில் இருக்கும் திருகுகள் அலுமினியமாக இருந்தால் ஒவ்வொன்றையும் நனைத்துக் கழுவுங்கள். எஃகுக் கம்பியும் அலுமினியத் திருகும் உப்பு நீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும், வெள்ளைப் பொடி பூக்கும், ஒருநாள் பட்டென்று உடையும். அன்று நான் கழுவாமல் விட்ட ஃப்ரீஹப் இரண்டு வாரம் கழித்து மிதியைப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கியது. கழற்றி, கிரீஸைத் துணியில் வழித்துப் பார்த்தபோது அதற்குள் ஒரு சிட்டிகை கடற்கரை மணல் இருந்தது.